தெருவை மறித்துப் பந்தலா? பந்தக்கால் நடும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்!

ஆடி பிறந்துவிட்டால் மரக்காணம் பக்கம் எந்தத் தெருவில் வண்டியைத் திருப்பினாலும் ஒரு பந்தல் குறுக்கே நிற்கும். ஒரு தெருவில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். அடுத்த தெருவில் காப்புக் கட்டியிருக்கிறார்கள். ஆடி முடிந்து ஆவணி வந்தால் கல்யாணம், காது குத்து, மஞ்சள் நீராட்டு. தையில் பொங்கல் விளையாட்டுப் போட்டி. மாசி மகத்துக்குக் கடற்கரைக் குப்பங்கள் எல்லாம் திருவிழாக் கோலம். தெரு என்பது நமக்கு நடக்கிற வழி மட்டும் இல்லை. மண்டபம் பிடிக்கக் காசில்லாத வீட்டுக்கு அதுதான் மண்டபம்.

வெளிநாட்டில் இதையே 'பிளாக் பார்ட்டி' என்கிறார்கள். ஒரு தெருக்காரர்கள் சேர்ந்து, ஒரு நாள் வண்டிகளை நிறுத்திவிட்டு, நடுத்தெருவில் மேசை போட்டுச் சாப்பிடுவது. அதற்கு விண்ணப்பம், கட்டணம், கடைசித் தேதி எல்லாம் உண்டு. நம் ஊரில்? 'கவுன்சிலர்கிட்ட சொல்லியாச்சு', 'ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை போட்டாச்சு' என்பதோடு முடிந்துவிடுகிறது. பிரச்னை வராதவரை இது போதும். 108 ஆம்புலன்ஸ் தெருமுனையில் நின்று ஹாரன் அடிக்கிற ராத்திரியில்தான் போதாது என்று தெரிகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? யாரிடம் கேட்க வேண்டும்? இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

இந்தத் தெரு யாருடையது?

முதல் கேள்வி இதுதான். பலரும் கேட்க மறக்கிற கேள்வியும் இதுதான்.

மரக்காணம் விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள ஒரு பேரூராட்சி. ஊருக்குள் இருக்கும் தெருக்கள் பேரூராட்சியின் பொறுப்பு. அங்கே பேச வேண்டியது செயல் அலுவலரிடம். அனுமந்தை, கூனிமேடு போன்ற ஊராட்சிகளில் என்றால் ஊராட்சி அலுவலகம். திண்டிவனம் சாலை மாதிரி பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையுடையவை.

கிழக்குக் கடற்கரைச் சாலை வேறு கதை. மாமல்லபுரத்திலிருந்து மரக்காணம் வழியாகப் புதுச்சேரி போகும் அந்தச் சாலை இப்போது தேசிய நெடுஞ்சாலை, எண் 332ஏ. தேசிய நெடுஞ்சாலை நிலத்தில் அனுமதியில்லாமல் எதையும் அமைக்கக் கூடாது என்று தனிச் சட்டமே இருக்கிறது. பேரூராட்சி தரும் சீட்டு அங்கே செல்லாது. வீடு சாலையோரமாக இருந்தாலும், வாசலுக்கு முன்னால் இருக்கும் மண் நம்முடையது ஆகிவிடாது. உப்பு லாரியும் சுற்றுலா வண்டியும் பறக்கிற சாலை அது. பந்தலை வீட்டுக்குப் பின்பக்கத் தெருவுக்கு மாற்றுவதுதான் உயிருக்கும் நல்லது.

யார் யாரிடம் கேட்க வேண்டும்?

ஒரே ஒரு கையெழுத்தில் முடிகிற காரியம் இல்லை இது. பந்தலுக்கு ஒரு இடம், ஒலிபெருக்கிக்கு ஒரு இடம், கரண்டுக்கு ஒரு இடம்.

பந்தல், மேடை: தெருவின் சொந்தக்காரரான உள்ளாட்சியிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். போக்குவரத்து பாதிக்கும் என்பதால் காவல்துறையின் சம்மதமும் வேண்டும்.

ஒலிபெருக்கி: 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கியே வைக்கக் கூடாது. பகலில் வைப்பதற்கும் இது பொருந்தும்.

ஊர்வலம்: சாமி ஊர்வலமோ, மாப்பிள்ளை அழைப்போ, எந்த வழி, எத்தனை மணிக்கு என்று காவல்துறை ஒழுங்குபடுத்தலாம். 'காவல் சட்டம் 30(2) அமலில் இருக்கிறது' என்று செய்தித்தாளில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். 1861ஆம் ஆண்டுச் சட்டம் அது. திருவிழா நேரத்தில் தெருவில் எவ்வளவு இசை என்பதை முறைப்படுத்தும் அதிகாரமும் அதே 30ஆவது பிரிவில் வருகிறது. இன்னொன்றும் அதில் இருக்கிறது: அந்த உரிமத்துக்கு விண்ணப்பிக்கவோ, அதைக் கொடுக்கவோ கட்டணம் வாங்கக் கூடாது. இதை யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால் நாங்கள் சொல்கிறோம்.

வண்டிகளைத் திருப்பிவிடுவது: தெருமுனையில் நாமே கயிறு கட்டி, கட்டையைப் போட்டு மறிக்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 115ஆவது பிரிவின்படி, சாலையில் வண்டி வரக் கூடாது என்று தடை போடும் அதிகாரம் அரசுக்கும், அரசு அதிகாரம் கொடுத்தவர்களுக்கும்தான். ஒரு மாதத்துக்குள் முடிகிற தடை என்றால் அரசிதழில் போட வேண்டியதில்லை. ஆனால், உள்ளூர் மக்களுக்குத் தெரியும்படி முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.

அனுமதி இல்லாமல் வழியை மறித்தால்? பாரதிய நியாய சன்ஹிதா 285ஆவது பிரிவின் கீழ் 5,000 ரூபாய் வரை அபராதம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 283. அப்போது 200 ரூபாய்தான்.

சாவு வீட்டுப் பந்தலுக்கு மட்டும் இந்தக் கணக்கு எதுவும் நடைமுறையில் கிடையாது. துக்க வீட்டில் யாரும் அனுமதி கேட்டு நிற்பதில்லை. தெருவில் யாரும் குறை சொல்வதும் இல்லை. பந்தலுக்கு இந்தப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு, தலை குனிந்து நடந்து போகிறோம். தெரு தனக்குத்தானே வைத்துக்கொண்ட விதி அது. அந்தப் பொறுமையைப் பிறந்தநாள் விழாவுக்கும் எதிர்பார்க்கும்போதுதான் சண்டை வருகிறது.

பிள்ளையார் காட்டும் வழி

தெருவில் விழா நடத்துவதற்கு எழுதிவைத்த தெளிவான நடைமுறை ஒன்று வேண்டும் என்றால், விநாயகர் சதுர்த்தியைப் பார்க்கலாம். 2018 ஆகஸ்ட் 9 தேதியிட்ட அரசாணை 598 அதற்கு ஒரு பட்டியலே கொடுத்திருக்கிறது.

சிலை வைக்கும் இடம் தனியாருடையது என்றால் உரிமையாளரின் சம்மதம். பொது இடம் என்றால் உள்ளாட்சி அல்லது நெடுஞ்சாலைத் துறையின் தடையில்லாச் சான்று. காவல்துறையிடம் ஒன்று. தீயணைப்புத் துறையிடம் ஒன்று. மின்சாரம் எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதற்கு ஒரு கடிதம். பீடத்தோடு சேர்த்துச் சிலை 10 அடிக்கு மேல் போகக் கூடாது. கூம்பு ஒலிபெருக்கி கூடாது, பெட்டி வடிவம் மட்டும்தான். அதுவும் காலையில் 2 மணி நேரம், மாலையில் 2 மணி நேரம்.

படிக்கும்போது மலைப்பாக இருக்கும். ஆனால், இதில் ஒரு வசதி இருக்கிறது. என்னென்ன காகிதம் வேண்டும் என்று விண்ணப்பிப்பவருக்கு முன்கூட்டியே தெரிகிறது. அதிகாரி நினைத்தால் ஒன்று, நினைக்காவிட்டால் ஒன்று என்று இல்லை.

கூழ் ஊற்றுவதற்கும், தெருப் பொங்கலுக்கும், வாசல் கல்யாணத்துக்கும் இந்த அளவுக்கு விளக்கமான நடைமுறை இல்லை. அதனால்தான் செல்வாக்கு இருக்கிற வீட்டுக்கு ஒரு போன் போதுமாகவும், உப்பளக் கூலி வீட்டுக்கு நாலு நாள் அலைச்சலாகவும் ஆகிறது.

இதைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1972லேயே பேசியிருக்கிறது. அகமதாபாத்தில் 1969ஆம் ஆண்டு தெருவில் கூட்டம் நடத்த ஒரு மாணவர் அமைப்புக்குக் காவல்துறை அனுமதி மறுத்தது. ஹிம்மத்லால் ஷா வழக்கு என்று பெயர். பொதுத்தெருவில் கூடுவதை அரசு ஒழுங்குபடுத்தலாம். ஆனால், எந்த வழிகாட்டுதலும் இல்லாமல், அதிகாரியின் விருப்பப்படி மறுக்கிற விதி செல்லாது என்றது நீதிமன்றம். தெரு யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்ததில்லை. அதிகாரிக்கும் இல்லை.

பத்து மணிக்குப் பிறகு?

அதிகம் சண்டை வருவது இங்கேதான்.

இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. மேளம் உட்பட சத்தம் எழுப்பும் கருவிகளுக்கும் இது பொருந்தும். கலாசார, மத விழாக்களுக்காக மாநில அரசு ஆண்டுக்கு மொத்தம் 15 நாளுக்கு மிகாமல், இரவு 12 மணி வரை தளர்வு கொடுக்கலாம். 12 மணிக்கு மேல் அரசே நினைத்தாலும் முடியாது. குடியிருப்புப் பகுதியில் பகல் நேர அளவு 55 டெசிபல், இரவில் 45. இரண்டு பேர் சாதாரணமாகப் பேசினாலே 60ஐத் தொடும் என்றால், நாலு சவுண்டு பெட்டி எங்கே போகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை, பள்ளிக்கூடம், நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுப்பாடு இன்னும் அதிகம்.

விழுப்புரம் மாவட்டத்துக்காரர்களுக்கு இங்கே ஒரு வருத்தம் உண்டு. இது தெருக்கூத்தின் மண். கூத்து இரவு தொடங்கி விடியும்வரை நடக்கும் கலை. பத்து மணிக்கு நிறுத்து என்றால் கட்டியங்காரன் வந்து போவதற்குள்ளேயே முடிந்துவிடும். பெயரிலேயே தெருவை வைத்திருக்கும் கலைக்குத் தெருவில் நேரம் இல்லை என்பது நியாயமான ஆதங்கம்தான்.

ஆனால், மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மரக்காணத்தில் உப்பு எடுக்கும் காலம் தை, மாசியில் தொடங்கி மழைக்கு முன்னால் வரை. ஆடித் திருவிழாக்கள் வருவது அந்த வேலைக் காலத்துக்குள்தான். வெயில் ஏறினால் பாத்தியில் நிற்க முடியாது. அதனால் இருட்டோடு எழுந்து சோறு கட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் உப்பளத்துப் பெண்கள். ராத்திரி ஒரு மணி வரை ஆர்கெஸ்ட்ரா கேட்டால், மறுநாள் கண் எரிய உப்பு வாருவது அவர்கள்தான். ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போச்சு. ஐப்பசி, கார்த்திகையில் வேலையே இருக்காது. அந்த மழைக் காலத்துக்காகத்தான் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. அப்படிப்பட்ட குடும்பத்துக்கு வேலை நாளின் தூக்கம் என்பது பணம்.

'சாமி காரியத்துல சத்தத்தைக் குறைன்னு சொல்லலாமா?' என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியில் கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி குடியிருப்போர் ஒரு பிரார்த்தனைக் கூடத்தின் சத்தம் குறித்துத் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பிறர் அமைதியைக் கெடுத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. அது கோயிலுக்கும் மசூதிக்கும் தேவாலயத்துக்கும் ஒன்றுதான். கட்சிக் கூட்டத்துக்கும் பிறந்தநாள் டிஜே செட்டுக்கும் அதே கதைதான்.

தலைக்கு மேலே இருக்கும் ஆபத்து

சத்தத்தைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். மின்கம்பியோடு பேச முடியாது.

2022 ஏப்ரல் 27 அதிகாலை. தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் சதய விழா. தெருவில் இழுத்து வந்த தேர் உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். அதில் குழந்தைகளும் உண்டு. அடுத்த ஆண்டு ஜனவரி 22, அரக்கோணம் பக்கம் கீழ்வீதி கிராமத்தில் மயிலார் திருவிழா. சாமிக்கு மாலை போடக் கொண்டுவந்த கிரேன் கூட்டத்தின்மேல் சாய்ந்து 4 பேர் இறந்தார்கள். இரண்டுமே அந்தந்த ஊர்க்காரர்கள் ஆசையாக நடத்திய விழாக்கள்.

தேர், சப்பரம், உயரமான அலங்கார வளைவு எதுவாக இருந்தாலும், அது போகும் வழியை முந்தின நாளே மின்வாரிய ஊழியரோடு நடந்து பார்ப்பது அவசியம். தேர் கடக்கும் நேரத்தில் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். சீரியல் பல்புக்குக் கம்பத்தில் கொக்கி போடுவது மின் திருட்டு, சட்டப்படி குற்றம். தற்காலிக மின் இணைப்பு என்று ஒன்று முறையாகவே கிடைக்கிறது. கடற்கரை ஊரில் உப்புக் காற்று இரும்பை எப்படி அரிக்கும் என்று உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. துருப்பிடித்த இரும்புக் குழாயில் நைந்த ஒயரைச் சுற்றிக் கட்டினால், மழைத் தூறல் விழுந்த நிமிஷமே அந்தப் பந்தக்கால் எமனாகிவிடும்.

பேனரும் அப்படித்தான். 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில், ஒரு கல்யாணத்துக்காக அனுமதியின்றிச் சாலை நடுவில் கட்டிய பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் லாரிக்கு அடியில் விழுந்து இறந்தார். கல்யாண வீட்டுக்கு அந்தப் பேனர் ஒரு நாள் பெருமை. அந்தப் பெண்ணின் வீட்டுக்கு?

தெரு எல்லோருக்கும்தானா?

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. நம் ஊர்களில் தெரு என்றால் அதற்கு ஒரு சாதியும் சேர்ந்தே வருகிறது. ஊர்த்தெருவில் விழா என்றால் காலனிக்காரர்கள் சுற்றிப் போக வேண்டும், காலனி மாப்பிள்ளை ஊர்வலம் ஊர்த்தெருவுக்குள் வரக் கூடாது என்று சொல்கிற இடங்கள் இன்னமும் இருக்கின்றன. இதே விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், வழிபாட்டு உரிமைத் தகராறில் திரௌபதி அம்மன் கோயிலுக்கே 2023 ஜூன் மாதம் அதிகாரிகள் சீல் வைக்க வேண்டி வந்தது.

சாலையைப் பயன்படுத்துவதில் சாதி, மதம், பாலினம் பார்த்து யாரையும் தடுக்கக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 15ஆவது பிரிவு சொல்கிறது. பட்டியலினத்தவர் ஒருவரின் கல்யாண ஊர்வலத்தைத் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் குற்றம். விழாவுக்கு யாரை அழைப்பது என்பது உங்கள் விருப்பம். அந்தத் தெருவில் யார் நடப்பது என்பது உங்கள் விருப்பம் இல்லை.

கடற்கரைக் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்தார் சொல்லுக்கு மரியாதை உண்டு. திருவிழாத் தேதி, வரி, முறை எல்லாம் அவர்கள் பேசி முடிவு செய்வது நல்ல ஏற்பாடுதான். ஆனால், அவர்கள் சம்மதம் அரசு அனுமதிக்குப் பதில் ஆகாது. வரி கொடுக்க முடியாத வீட்டை ஒதுக்கிவைப்பதற்கும் அவர்களுக்கு அதிகாரம் இல்லை.

மற்ற ஊர்களில் எப்படி?

நியூயார்க்கில் பிளாக் பார்ட்டிக்கு 60 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 25 டாலர். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1974இல் தொடங்கி, ஞாயிறுதோறும் முக்கியமான சாலைகளில் கார்களை நிறுத்திவிட்டு மக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். சென்னை அண்ணா நகரில் 2022இல் நடந்த 'ஹேப்பி ஸ்ட்ரீட்ஸ்' அந்த வகைதான்.

நம்மவர்களும் வெளிநாட்டில் தெருவை மூடுகிறார்கள். பாரிஸ் லா ஷப்பேல் பகுதியில் மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் 1990களிலிருந்து தெருவில் வலம் வருகிறது. டொரன்டோவில் கனடியத் தமிழர் பேரவை 2015இல் தொடங்கிய தெருவிழாவுக்கு மார்க்கம் சாலையையே மூடுகிறார்கள். அங்கே தேங்காய் உடைக்கவும் முறைப்படி அனுமதி வாங்குகிற நாம், இங்கே மட்டும் 'நம்ம தெருதானே' என்கிறோம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. மூன்று, நான்கு வாரம் முன்பே தொடங்குங்கள். தெரு பேரூராட்சியா, ஊராட்சியா, நெடுஞ்சாலையா என்று முதலில் கேளுங்கள்.

2. விண்ணப்பத்தில் தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரை, வண்டிகளுக்கு மாற்று வழி, பொறுப்பாளர் இருவரின் போன் நம்பர் எல்லாம் எழுதுங்கள். கையால் வரைந்த ஒரு சின்ன வரைபடம் சேர்த்தால் இன்னும் நல்லது.

3. இரண்டு நகல் எடுத்துப் போய், ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வாய் வார்த்தை அனுமதி, அதிகாரி மாறினால் மாறிவிடும்.

4. தெருவில் உள்ள எல்லா வீட்டுக்கும் போய்ச் சொல்லுங்கள். படுக்கையில் இருப்பவர், மாசமாக இருக்கும் பெண், டயாலிசிஸ் போகிறவர், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை எந்த வீட்டில் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

5. தெருவை முழுதாக அடைக்காதீர்கள். ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் நுழைய ஒரு பக்கம் வழி விடுங்கள். வழி விட முடியாத குறுகலான தெரு என்றால், பத்து நிமிஷத்தில் பிரிக்கக்கூடிய சாமியானா மட்டும் போடுங்கள்.

6. சிமென்ட் சாலையிலும் தார்ச் சாலையிலும் குழி தோண்டாதீர்கள். மணல் நிரப்பிய டிரம்மில் கம்பத்தை நடலாம்.

7. சாப்பாடு போடுகிறீர்கள் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் டம்ளர், பிளாஸ்டிக் பூசிய தட்டு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. இங்கே தெருவில் போடும் குப்பை காற்றில் போய் விழுவது உப்பளத்திலும், 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலி ஏரியிலும்தான்.

8. மறுநாள் காலையில் பந்தலைப் பிரித்து, பெருக்கி, தெருவைத் திருப்பிக் கொடுங்கள்.

இதில் அரசு செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பேரூராட்சியிலும் ஊராட்சியிலும் தமிழில் ஒரு பக்கப் படிவம், என்ன காகிதம் வேண்டும் என்ற பட்டியல், எத்தனை நாளில் பதில் வரும் என்ற உறுதி. பிள்ளையாருக்குச் செய்ய முடிந்ததை அம்மனுக்கும், வாசல் கல்யாணத்துக்கும் செய்ய முடியாதா என்ன? அடுத்த கிராம சபை, வார்டு கூட்டத்தில் இதைக் கேளுங்கள். பெண்கள் நாலு பேர் சேர்ந்து கேட்டால் தீர்மானமாகவே போட்டுவிடலாம்.

அதுவரை, பந்தல்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, 'அக்கா, வர்ற வெள்ளிக்கிழமை நம்ம தெருவுல பந்தல் போடலாம்னு இருக்கோம், உங்களுக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லையே?' என்று கேட்டுவிடுங்கள். அதற்கு எந்தப் படிவமும் வேண்டாம்.